கம்பளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?
செயற்கைப் புல் ஆடுகளம்: வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸில் பள்ளி வளாகங்களிலும் கிராமத் திடல்களிலும் செயற்கைப் புல் விரிக்கும் வேலை பெருகியிருக்கிறது. பணம் திரட்டுவது பெற்றோர் சங்கமும் கோவில் சங்கமும்தான். அந்தப் பணம் வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையோடு, வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

எங்கள் பள்ளியில் 42 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலத்தில் ஒரு மண் திடல் இருக்கிறது. மேலே 10 செ.மீ. ராக் சாண்ட் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டுக் கார்பெட் விரித்தால் போதும், இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா?
(ஒரு பெற்றோர், ட்ரியோலே)

நம்ப வேண்டாம். ராக் சாண்ட் என்பது பாறையை உடைத்த மணல். அதில் கல்தூள் அதிகம். ரோலர் ஓடியதும் தூள் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். மழைநீர் கீழே இறங்க வழி இருக்காது. கார்பெட்டின் முதுகில் சுமார் 10 செ.மீ.க்கு ஒன்றாக ஓட்டைகள் இருப்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டை வழியே இறங்கும் நீரைக் கீழ்த்தளம் வாங்கிக்கொள்ளாவிட்டால் ஓட்டை இருந்தும் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் திடல் 924 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழை கொட்டினால், விழும் நீர் 92 கன மீட்டருக்கு மேல். விநாடிக்கு ஏறத்தாழ 26 லிட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவில் போட்ட 160 மி.மீ. குழாய் ஒன்று விநாடிக்கு 18 முதல் 20 லிட்டர்தான் கொண்டுபோகும். மிச்ச நீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டுமல்லவா? அந்த இடம்தான் ஜல்லித் தளம். தூள் இல்லாத ஜல்லியை 20 செ.மீ. கனத்துக்குப் போட்டால் அதில் 30 சதவீதம் வெற்றிடம் இருக்கும். 55 கன மீட்டர் நீர் அதற்குள் அடங்கிவிடும். அப்போது ஆடுகளத்தின் மேல் நீர் நிற்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளக்காடாக்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது.

வேலை நடக்க வேண்டிய முறை இது. மேல்மண்ணை 25 முதல் 30 செ.மீ. வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். வேரும் கிழங்கும் உள்ள மண் அது. மட்கும்போது தரை இறங்கும். அடித்தரையையே ஒரு பக்கமாகச் சரித்து இறுக்க வேண்டும். 22 மீட்டர் அகலத்துக்கு 15 முதல் 18 செ.மீ. இறக்கம் போதும். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணியை (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), ஒன்றின் மேல் ஒன்று 30 செ.மீ. ஏறும்படி விரிக்க வேண்டும். கீழ்ப்பக்க ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, துளையிட்ட 160 மி.மீ. குழாயை வைத்துச் சுத்தமான ஜல்லியால் மூட வேண்டும். களிமண் தரையாக இருந்தால், குறுக்கே 5 மீட்டருக்கு ஒன்றாக 80 அல்லது 100 மி.மீ. கிளைக் குழாய்களும் வேண்டும். சுற்றிலும் கான்கிரீட் விளிம்புக் கல். பிறகு 10–20 மி.மீ. கருங்கல் ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் 2–6 மி.மீ. சிறு ஜல்லி 5 செ.மீ. இரண்டையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். இறுகிய பின் மொத்தம் 185 கன மீட்டர் வர வேண்டும் என்றால், தளர்வாக 220 கன மீட்டராவது வாங்குங்கள்.

கார்பெட் வரும் முன்பு நீங்களே செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. 3 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினிய மட்டப்பலகையைத் தளத்தில் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். அடியில் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்து, தண்ணீர் லாரியை வரவழைத்து ஒரே இடத்தில் குழாயைப் பிடியுங்கள். நீர் தேங்கினால் கார்பெட் ரோலைப் பிரிக்கவே விடாதீர்கள். விரித்த பிறகு இந்தக் குறையைச் சரிசெய்ய எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

கார்பெட் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ரோல் 4 மீட்டர் அகலம். அகலவாட்டில் விரித்தால் 22.3 மீட்டர் நீளத்தில் 11 ரோல், 10 இணைப்பு, ஆக 220 மீட்டர் இணைப்பு நீளம். மீட்டருக்கு அரைக் கிலோ என்று பசை 110 கிலோ. 40 மி.மீ. உயரப் புல்லின் இழைகளுக்கு இடையே நிரப்பச் சதுர மீட்டருக்கு 15 கிலோ மணல், 7 கிலோ ரப்பர் குருணை: மொத்தம் 14 டன் மணல், ஆறரை டன் குருணை. மதிப்பீட்டுத் தாளில் மணல் 5 டன் என்று இருந்தால், மீதி 9 டன் எங்கே என்று கேளுங்கள்.

வெளிநாட்டு மணல் விலை அதிகம். உள்ளூர் ராக் சாண்டையே புல்லுக்குள் நிரப்பலாம் என்கிறார்கள். கூடாதா?
(விளையாட்டுக் கழகச் செயலாளர், ஃபிளாக்)

கூடவே கூடாது. 2001-இல் கடற்கழி மணல் எடுப்பது தடைசெய்யப்பட்டது முதல் நம் தீவில் கட்டட வேலைக்கெல்லாம் எரிமலைப் பாறையை உடைத்த மணல்தான். கட்டடத்துக்கு அது நல்லது. உடைத்த கல் என்பதால் ஒவ்வொரு குருணைக்கும் கூரான விளிம்பு இருக்கும். சிமெண்ட் பிடிக்க அது உதவும். அதே விளிம்பு, ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும்போது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன புல் இழையின் அடியை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், குத்துவது தெரியும். கூடவே தூள் சேர்ந்து இறுகும், கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும்.

நிரப்ப வேண்டியது கழுவி உலர்த்திய, உருண்டை வடிவச் சிலிக்கா மணல். அளவு 0.3 முதல் 0.8 மி.மீ. வரை. கடற்கரை மணலும் ஆகாது: பவளமும் சிப்பியும் சுண்ணாம்பு, மிதிபட்டு மாவாகிவிடும். இறக்குமதி மணலுக்குப் பணம் போதவில்லை என்றால் திடலின் அளவைக் குறையுங்கள், மணலின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

போட்டு 14 மாதமே ஆன திடலில் இணைப்புகள் வாய் பிளக்கின்றன. பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தக்காரர் மழையைக் குறை சொல்கிறார்.
(உடற்கல்வி ஆசிரியர், வாக்வா)

யார் குறை என்பதைப் பிளந்த இடமே சொல்லும். ஓரத்தை அரை மீட்டர் தூக்கிப் பிடித்து, இரு துண்டுகளையும் சேர்க்க அடியில் பசை பூசி வைத்த நாடாவையும் கார்பெட்டின் முதுகையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

பசை நாடாவில் வரிவரியாக, கரண்டி இழுத்த தடம் அப்படியே நிற்க உலர்ந்திருக்கிறதா? கார்பெட்டின் முதுகு சுத்தமாக இருக்கிறதா? பசை ஆடை கட்டிய பிறகு தாமதமாகக் கார்பெட்டை மடித்துப் போட்டிருக்கிறார்கள், அல்லது மேலே பாரம் வைக்கவில்லை. பசைக்குள் ரொட்டித் துண்டைப் போலக் குமிழிகள் நிறைந்திருந்தால் ஈரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பாலியூரித்தேன் பசை நீரைக் கண்டால் நுரைக்கும். விரலால் அழுத்தினால் இன்னும் பிசுபிசுக்கிறதா? இரண்டு கலவைகளின் விகிதம் தவறியிருக்கிறது. வாளியின் அடியில் கலக்காமல் விட்டாலும் இப்படித்தான் ஆகும். இந்த மூன்றும் வேலைக் குறை.

நான்காவது ஒன்று உண்டு. பசை முதுகுப்பூச்சை உரித்துக்கொண்டு வந்து, புல் குஞ்சங்கள் வெறுமனே தொங்கினால், பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கார்பெட்டின் முதுகுப்பூச்சுதான் மட்டம். அதற்கு விற்றவர் பொறுப்பு. படம் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பழுது பார்ப்பதானால், பிளந்த இடத்துக்கு இரு புறமும் 30 செ.மீ. கூடுதலாகப் பிரியுங்கள். குருணையை உறிஞ்சி எடுத்து, பழைய நாடாவை அகற்றி, 30 செ.மீ. அகலப் புதிய நாடாவை வையுங்கள். இரண்டு ஓரங்களும் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளவும் கூடாது, 2 மி.மீ.க்கு மேல் விலகவும் கூடாது. மேலே மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். வாக்வாவில் காலைப் பனியும் பிற்பகல் தூறலும் வழக்கம். காலை ஒன்பதுக்கு மேல், கார்பெட்டின் முதுகைக் கையால் தொட்டு உலர்ந்திருப்பதை உறுதி செய்த பின்பே வாளியைத் திறக்க வேண்டும். புது வேலையாக இருந்தால் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

மதிய வெயிலில் சிறு பிள்ளைகளுக்குக் கால் சுடுகிறது. தண்ணீர் தெளித்தால் போதுமா?
(ஆசிரியை, ஃபிளிக் அன் ஃபிளாக்)

சிறிது நேரத்துக்குத்தான். வெயில் உச்சியில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டும். கறுப்பு ரப்பர் குருணை இருந்தால் இன்னும் ஏறும். இயற்கைப் புல் தன் இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. செயற்கைப் புல்லுக்கு அந்த வழி இல்லை. தெளித்த நீர் உலர்ந்ததும் வெப்பம் திரும்பிவிடும். மேற்குக் கரையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் மாதங்களில் அதை நம்பித் திட்டம் போடவும் முடியாது.

நேரத்தை மாற்றுவதே முதல் வேலை: நவம்பர் முதல் ஏப்ரல் வரை பத்து மணிக்குள் அல்லது மூன்றரைக்கு மேல். வெறுங்காலோடு விடாதீர்கள். புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் பிள்ளைகளுக்கும் ஆகாது. வடமேற்கு ஓரத்தில் மரம் நட இடம் இருந்தால் நடுங்கள், ஆனால் இலை கொட்டும் மரம் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கு, உண்மையில், நிழலோடு கூடிய இயற்கைப் புல்தான் எங்கள் பரிந்துரை. வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாகப் பயன்படும் இடத்துக்குச் செயற்கைப் புல் தேவையே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்துக் கட்டடத்தில் பளபளக்கும் கண்ணாடி ஜன்னல்கள் உண்டா? அவற்றில் பட்டுத் திரும்பும் வெயில், நீள்கோடாகப் புல்லை உருக்கிவிடும்.

கிராமத் திடலில் காவடித் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு ஏழு கறிச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். புல் விரித்த பிறகும் அதைத் தொடரலாமா?
(கோவில் சங்க உறுப்பினர், குட்லேண்ட்ஸ்)

தொடரலாம், சமையலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு. பாலிஎத்திலீன் 110 பாகையை நெருங்கினாலே இளகத் தொடங்கும். அடுப்பு மட்டுமல்ல, தட்டிலிருந்து தெறிக்கும் ஒரு கற்பூரத் துண்டும் நாணய அளவுக்குக் குழி போட்டுவிடும். தீபாராதனைக்கும் தூபத்துக்கும் திடலுக்கு வெளியே கல் தரையில் இடம் ஒதுக்குங்கள்.

பந்தலுக்கு முளை அடிக்கக் கூடாது. முளை கார்பெட்டையும் துணியையும் கிழித்து, சில இடங்களில் வடிகால் குழாயையும் துளைக்கும். கான்கிரீட் கட்டைகள் அல்லது நீர் நிரப்பிய பீப்பாய்களைப் பாரமாக வைத்துக் கட்டுங்கள். கால்களுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் பலகை வேண்டும். லாரி உள்ளே வரக்கூடாது. சக்கரம் திரும்பும் இடத்தில் ஜல்லித் தளமே பள்ளமாகிவிடும். சாப்பாட்டுப் பந்திக்குக் கீழே கனமான தார்ப்பாய் விரியுங்கள். மஞ்சளும் எண்ணெயும் கலந்த குழம்பு சிந்தினால், கறையைவிடக் குருணை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதுதான் தொல்லை. உடனே வெந்நீரும் மென்மையான சோப்பும் போட்டுத் துலக்கி, கட்டியான குருணையை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பலகைகளை இரண்டு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் விடாதீர்கள், புல் படுத்துவிடும்.

ரப்பர் குருணை பழைய டயர்தானே? உடம்புக்குக் கெடுதல் இல்லையா? எங்கள் திடல் கடற்கழியிலிருந்து 200 மீட்டர் தூரத்தில்.
(வாசகி, மாயேபூர்)

டயரில் சில நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2017-இல் ஆராய்ந்து, விளையாடுவோருக்கு உள்ள ஆபத்து மிகக் குறைவு என்றது; ஆனாலும் 2022 ஆகஸ்ட் முதல் அங்கே விற்கும் குருணையில் பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் என்னும் நச்சுப்பொருள்களில் எட்டு வகைகளின் கூட்டுத்தொகை கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. நீங்களும் அதே அளவை எழுத்தில் கேளுங்கள். சோதனை அறிக்கை காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் இடத்தில் எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது கடற்கழி. குருணை காலணியிலும் சாக்ஸிலும் மழைநீரிலும் வெளியேறும். வெளியேறியது பவளப் பாறை வரை போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதிப்படி, 2031 அக்டோபருக்குப் பின் இத்தகைய குருணையை அங்கே விற்க முடியாது. பக்கத்துத் தீவான ரியூனியனுக்கும் இது பொருந்தும். எனவே கடலோரத்தில் புதிதாகப் போடுபவர்கள் ரப்பரே இல்லாமல், 25 மி.மீ. வரை உயரமுள்ள அடர்த்தியான புல், மணல் மட்டும், அடியில் 15 மி.மீ. ஷாக்பேட் (அதிர்ச்சி தாங்கும் மெத்தை) என்று போவது நல்லது. பந்து கொஞ்சம் வேகமாக ஓடும், சறுக்கி விழுந்தால் தோல் சிராயும். இதற்குச் சம்மதமா என்று கழகத்தாரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தக்கைக் குருணை இயற்கைப் பொருள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். தக்கை மிதக்கும். நம் ஊர்க் கோடை மழை ஒன்று போதும், எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

ஏற்கெனவே ரப்பர் போட்டவர்கள், விளிம்பைச் சுற்றி 20 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புப் பலகை வையுங்கள். வாசலில் 2 மீட்டர் நீளக் கம்பிவலைத் தட்டும் காலணித் தூரிகையும், வடிகால் முடியும் தொட்டிக்குள் எடுத்துக் கழுவக்கூடிய வடிகூடையும் வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அந்தக் கூடையைக் காலி செய்யும் பொறுப்பு ஓர் ஆளின் பெயரில் இருக்கட்டும்.

கியூர்பிப்பில் எங்கள் திடலின் நிழல் பக்கம் பாசி பிடிக்கிறது. ஓரத்தில் கோரை முளைக்கிறது. பராமரிப்பே வேண்டாம் என்றுதானே விற்றார்கள்?
(விளையாட்டு ஆசிரியர்)

அப்படிச் சொன்னது தவறு. பத்து மணி நேர ஆட்டத்துக்கு ஒரு மணி நேரப் பராமரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இழுவைத் தூரிகையால் இரு திசையிலும் வார வேண்டும். கோல் முகத்திலும் பெனால்டி புள்ளியிலும் குருணை சிதறிக் குழியும். அங்கே ஒவ்வொரு வாரமும் கையால் நிரப்ப வேண்டும். குருணைக்கு மேலே புல் 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் குருணை குறைந்துவிட்டது என்று பொருள்; புல் மடங்கி உடையத் தொடங்கும்.

பாசி மெல்லிய பச்சைப் படலமாக இருக்கும்போதே, உலர்ந்த நாளில், விறைத்த தூரிகையால் தேய்த்துப் பாசிக்கொல்லி தெளியுங்கள். தடித்த பிறகு குருணையையே வாரி எடுக்க வேண்டிவரும். கோரை வேறு விஷயம். அதன் கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும். கூர்முளை துணியையும் கார்பெட்டையும் துளைத்து வந்துவிடும். இழுத்தால் தண்டு கையோடு வரும், கிழங்கு கீழேயே நிற்கும். இலையில் களைக்கொல்லியைப் பஞ்சால் தடவி, அது கிழங்குவரை இறங்க விடுங்கள். கரும்பு நிலமாக இருந்த இடத்தில் புதிதாகத் திடல் போடுபவர்கள், மண் வெட்டும் முன்பே கோரையை முளைக்க விட்டு, இரண்டு முறையாவது மருந்தடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?
(காவலாளி, ரோஸ் ஹில்)

முதலாம் நிலை எச்சரிக்கை வந்ததுமே சுற்றுவேலியில் கட்டியுள்ள மறைப்புத் துணிகளையும் வலைகளையும் அவிழ்த்துவிடுங்கள். துணி கட்டிய வேலி காற்றை முழுக்க வாங்கும். கம்பம் அடியோடு வளையும். நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களைப் படுக்க வைத்து, ஒன்றோடொன்று சங்கிலியிட்டுக் கட்டுங்கள். புயல் இல்லாத நாளிலும் கட்டாத கோல் கம்பம் சாய்ந்தால் உயிரை எடுக்கும்; பின்சட்டத்தில் எப்போதும் பாரம் இருக்கட்டும். வடிகால் தொட்டியின் மூடியைத் திறந்து சருகை அள்ளிவிடுங்கள். மணல் நிரப்பிய கார்பெட்டைக் காற்று தூக்காது. பாதி விரித்து மணல் போடாதது பறந்துவிடும், அதை மறுபடி சுருட்டிக் கட்டுங்கள்.

கால்பந்து, ஹாக்கி இரண்டுக்கும் ஒரே புல் போதுமா?
(மாணவர், குவாத்ர் போர்ன்)

முறையாக ஆட முடியாது. கால்பந்துக்கு 40 முதல் 60 மி.மீ. உயரம், ஹாக்கிப் பந்து அதில் ஓடாது. ஹாக்கிக்கு 20 மி.மீ. அளவுள்ள, மணல் நிரப்பிய புல். பள்ளி அளவில் ஹாக்கிப் புல்லில் கால்பந்து பழகலாம், அடியில் குமிழ் பதித்த காலணி இல்லாமல்.

பத்து ஆண்டு கழித்துப் பழைய கார்பெட்டை என்ன செய்வது?
(கிராம சபை உறுப்பினர், ரிவியேர் டு ரம்பார்)

நம் வெயிலுக்கு எட்டு ஆண்டு என்றே கணக்கு வையுங்கள். இழையை நகத்தால் மடக்கினால் பொடியாகிறதென்றால் காலம் முடிந்தது. முதலில் சொன்ன 924 சதுர மீட்டர் திடலிலேயே மணல், குருணை, கார்பெட் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 23 டன் வரும். தீவில் குப்பை கொட்ட இருப்பது மார் ஷிக்கோஸ் ஒன்றுதான், அதுவும் நிரம்பி வழிகிறது. எனவே வாங்கும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய கார்பெட்டைப் பிரித்து, மணலையும் குருணையையும் தனித்தனியாகச் சலித்துத் தருவது யார், அதன் செலவு யாருடையது என்று. சலித்த மணலைக் கழுவி அடுத்த கார்பெட்டுக்கே பயன்படுத்தலாம். ஜல்லித் தளம் ஒழுங்காகப் போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மேல் சிறு ஜல்லியை மட்டும் மட்டம் பார்த்துச் சரிசெய்து புதியதை விரிக்கலாம்.